கரை விலகாத மீன்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் பெருங்கடல் நிலத்தைப் பிளந்துகொண்டு நெடுந்தூரம் உள்ளே நுழைந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த அந்நீர்ப்பரப்பைப் பியூஜெட் சவுண்ட் என்பர். பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னர், வடக்கிலிருந்து இறங்கி வந்த பனிப்பாறைகள் நிலத்தை ஆழ உழுது பள்ளமாக்கின. பனி உருகி அகன்ற பின்னர் அப்பள்ளங்களில் கடல்நீர் புகுந்தது. 1792-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வான்கூவர் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர் அங்கு வந்தார். அந்நீர்ப்பரப்பின் தென்பகுதியை ஆராய்ந்து வருமாறு பீட்டர் பியூஜெட் என்னும் தம் துணைவரை அனுப்பினார். அவருடைய பெயரே அவ்விடத்திற்கு நிலைத்துவிட்டது.

இவ்வுட்கடலில் பெருங்கடலின் பேரலைகள் இல்லை. ஆயினும் நீர் ஓய்ந்திருப்பதும் இல்லை. நாள்தோறும் இருமுறை கடல் ஏறுகின்றது, இருமுறை இறங்குகின்றது. இதனை ஓதம் என்பர். தென்கோடியில் உள்ள ஒலிம்பியா நகரை அடுத்த கரைகளில், நாளின் மிக உயர்ந்த நீர்மட்டத்திற்கும் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்திற்கும் உள்ள வேறுபாடு சராசரியாக 14 அடிக்கு மேலாகும். காலையில் ஒருவர் கூழாங்கற்கள்மீது கால் நனையாமல் நடந்த இடத்தில், சில மணி நேரத்தில் இரண்டு ஆள் உயரத்திற்கு நீர் நிற்கும். குறுகிய வாயில்களில் கடல், ஆற்றைப் போலவே விரைந்து ஓடும். ஓதமே அக்கரையின் கடிகாரம். மீனுக்கும் பறவைக்கும் மீன் பிடிப்பவருக்கும் அதுவே காலம் காட்டுகின்றது.

இக்கரையோரத்தில் வாழும் மீன்களுள் ஒன்று கட்த்ரோட் டிரௌட். அதன் கீழ்த்தாடையின் அடியில், இருபுறமும் கத்தியால் கீறினாற்போன்ற செந்நிறக் கோடு காணப்படும். அதனால் 'வெட்டுண்ட கழுத்து' என்னும் பொருள்படும் பெயர் அதற்கு வாய்த்தது. நாம் அதனைச் செங்கீற்று மீன் என்றே வழங்கலாம். உடலெங்கும் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். கடலில் இருக்கும்பொழுது அதன் முதுகு பசுமை கலந்த நீலமாகவும், பக்கங்கள் வெள்ளித் தகடு போலவும் ஒளிரும். அப்பொழுது செங்கீற்றும் சற்று மங்கித் தோன்றும். பெரும்பாலானவை 10 முதல் 16 அங்குல நீளமே இருக்கும். 20 அங்குலத்தை எட்டிய மீனைக் காண்பது அரிய பேறாகக் கருதப்படும்.

1804 முதல் 1806 வரை, அமெரிக்கக் கண்டத்தின் உட்பகுதியைக் கடந்து பசிபிக் கரையை அடைந்து திரும்பிய குழுவிற்கு லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் தலைவராக இருந்தனர். அவருள் கிளார்க்கின் நினைவாக, ஜான் ரிச்சர்ட்சன் என்னும் இயற்கை நூல் அறிஞர் 1836-ஆம் ஆண்டில் இம்மீனுக்கு அறிவியற் பெயர் சூட்டினார். நெடுங்காலம் ஐரோப்பிய டிரௌட் மீனோடு ஒரே பேரினத்தில் வைத்து எண்ணப்பட்ட இம்மீன், 1989-ஆம் ஆண்டு முதல் பசிபிக் சால்மன் மீன்களின் பேரினத்தில் சேர்த்து எண்ணப்படுகின்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி மலை ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் டிரௌட் மீனைத் தமிழ்நாட்டு மாணவர் சிலர் கண்டிருக்கலாம். அதுவும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. ஆகவே அது செங்கீற்று மீனுக்கு நெருங்கிய உறவாகும்.

செங்கீற்று மீனின் பிறப்பிடம் ஓடை. பெரும்பாலும் அது பேராறு அன்று. ஒரு சிறுவன் தாண்டிக் குதிக்கக்கூடிய சிற்றோடை. குளிர்காலத்தின் கடைசியிலும் இளவேனிலிலும் தாய்மீன் சரளைக் கற்களிடையே முட்டைகளைப் புதைக்கின்றது. பொரித்து வெளிவரும் குஞ்சுகள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் நன்னீரிலேயே வளர்கின்றன. பின்னர் ஓர் இளவேனிற்காலத்தில் அவற்றுள் பல கடலை நோக்கி இறங்குகின்றன. ஒரே ஓடையில் பிறந்தவற்றுள் சில, கடலைக் காணாமல் அங்கேயே வாழ்ந்து முடிப்பதும் உண்டு.

பசிபிக் சால்மன் மீன்களின் கதை பலரும் அறிந்ததே. அவை ஓடையில் பிறந்து, நடுக்கடல்வரை சென்று, சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஓடைக்கே திரும்பி, முட்டையிட்டு மடிகின்றன. செங்கீற்று மீனின் இயல்பு வேறு. அது கடலுக்கு வந்தும் கரையை விட்டு அகலுவதில்லை. முழங்கால் அளவு நீரிலும், சிப்பிப் படுகைகளின் மேலும், கழிமுகங்களின் ஓரத்திலும் உலவி இரை தேடுகின்றது. பியூஜெட் சவுண்டை அடுத்துள்ள ஹூட் கால்வாய் என்னும் நீண்ட கடற்கிளையில், மீன்களின் உடலில் ஒலி எழுப்பும் சிறு கருவிகளை வைத்து ஆய்வாளர்கள் அவற்றின் வழியைத் தொடர்ந்தனர். 2010-ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளிவந்தது. ஸ்டீல்ஹெட் என்னும் உறவு மீன்கள் விரைந்து பெருங்கடலை நோக்கிச் செல்ல, செங்கீற்று மீன்கள் பெரும்பாலும் அக்கடற்கிளையிலேயே தங்கிவிட்டன என்பது அதனால் தெரியவந்தது. மேலும், முட்டையிட்டவுடன் இம்மீன் மடிவதில்லை. உயிர் தப்பியவை மீண்டும் கடலுக்கு வந்து, கொழுத்து, அடுத்த ஆண்டும் ஓடைக்கு ஏறும். ஆதலின், முட்டையிட்டு மீண்ட ஒரு மீனைக் காப்பது, வரப்போகும் பல நூறு குஞ்சுகளைக் காப்பதாகும்.

இலையுதிர் காலம் வந்ததும் இம்மீன்களிடையே ஒரு மாற்றம் தோன்றுகின்றது. கோடை முழுவதும் மேய்ந்து கொழுத்த மீன்கள் ஓடைகளின் வாயை நாடி வருகின்றன. வயல்களில் அறுவடை நடக்கும் காலத்தில் வருவதால், அப்பகுதி மக்கள் இதனை 'அறுவடை டிரௌட்' என்றும் அழைப்பர். அக்டோபர், நவம்பர் மாதங்களில் சம் என்னும் வகைச் சால்மன் மீன்கள் கூட்டங் கூட்டமாக ஓடைகளில் ஏறி முட்டையிடும். அவற்றுள் சரளையில் புதையாது தப்பிய முட்டைகள் நீரோடு மிதந்து வரும். அவை செங்கீற்று மீனுக்குக் கிடைத்தற்கரிய விருந்தாகும்.

இம்மீனைத் தேடி வருவோருள் பலர் வலையோ புழுவோ கொண்டு வருவதில்லை. இறகாலும் மயிராலும் செய்த பொய்யிரையைக் கொண்டு வருகின்றனர். இதற்கு ஈத்தூண்டில் என்று பெயர். நீர்மேல் பறக்கும் ஈயைப் போலப் பொய்யிரை செய்து மீனை ஏமாற்றியதால் இப்பெயர் ஏற்பட்டது. இம்முறை மிகப் பழமையானது. மாசிடோனிய நாட்டு மக்கள் தூண்டில் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததை, ஏறத்தாழ 1,800 ஆண்டுகட்கு முன்னர் ஈலியன் என்னும் உரோம எழுத்தாளர் எழுதி வைத்துள்ளார்.

பிற தூண்டில்களில், கயிற்றின் நுனியில் கட்டிய ஈயக் குண்டோ கனமான இரையோ கயிற்றை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் நுனியில் இருப்பது காற்றில் மிதக்கும் இறகு. அதனை வீசினால் வீசியவர் காலடியிலேயே விழும். ஆகவே இங்குக் கனம் கயிற்றில் வைக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 9 அடி நீளமுள்ள மெல்லிய கோலைப் பின்னே வீசியதும், தடித்த கயிறு பின்புறம் நீண்டு விரிகின்றது. அது முழுதும் விரியும்வரை ஒரு கணம் காத்திருந்து, கோலை முன்னே வீசினால், கயிறு வளைந்து உருண்டு நீர்மேல் நீளும். அதன் நுனியில் கட்டிய கண்ணாடி போன்ற மெல்லிழை இறகிரையை ஓசையின்றிக் கொண்டுபோய் இறக்கும். கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் தவறுவது அந்த ஒரு கணத்திலேதான். பொறுக்காதவர் கயிறு பின்னே சிக்கிக் குலையும். வலிமை மிகுந்தவரும் அங்குத் தோற்பர்.

கடற்கரைக்கு உரிய இறகிரை ஈயைப் போன்று இருப்பதில்லை. மணலில் வாழும் ஒல்லியான சிறு மீன், ஹெர்ரிங் குஞ்சு, இறால் போன்ற சிற்றுயிர்கள், கல்லிடுக்கில் பதுங்கும் சிறு மீன் ஆகிய இவற்றின் வடிவில் அது கட்டப்படும். கட்டுவோர் நீர்க்கரையில் குனிந்து, கற்களைப் புரட்டி, அங்கு எவ்வுயிர் வாழ்கின்றது என்று கண்ட பின்னரே கட்டுவர். ஆகவே, மீனை ஏமாற்ற விரும்புபவர் முதலில் கரையைப் படிக்க வேண்டியவராகின்றார்.

அக்டோபர் மாதத்து விடியற்காலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். நீர்மேல் மூடுபனி படர்ந்திருக்கின்றது. கரைமேட்டில் நிற்கும் ஊசியிலை மரங்களிலிருந்து நீர் சொட்டுகின்றது. மார்புவரை மறைக்கும் நீர்புகா உடை அணிந்த முதியவர் ஒருவர், தூண்டிற்கோலுடன் கரையில் வந்து நிற்கின்றார். அவர் உடனே நீரில் இறங்குவதில்லை. புதியவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கித் தொலைவில் வீசுவர்; அவர்கள் இறங்கிய இடத்திலேயே மீன் மேய்ந்துகொண்டிருந்தது என்பதை அறியார். முதியவர் உலர்ந்த கல்லின்மேல் நின்றவாறே முதல் வீச்சைக் கரையை ஒட்டி வீசுகின்றார்.

சற்றுத் தொலைவில் நாரை ஒன்று அசையாமல் நிற்கின்றது. அவர் அதனையும் பார்க்கின்றார். கடல் இறங்கும் திசையையும், முனையைச் சுற்றி நீர் சுழித்து ஓடும் கோட்டையும் பார்க்கின்றார். சிறு மீன்கள் நீர்மேல் சிதறித் தெறிப்பின், அவற்றைத் துரத்தும் பெரிய மீன் கீழே உண்டு என்பது பொருள். அவ்வாறு ஒன்றும் தோன்றவில்லையெனில், ஒரு முறை வீசி, இரண்டடி நகர்ந்து, மீண்டும் வீசிக் கரை நெடுகிலும் நடக்கின்றார். ஒரு மணி நேரம் செல்கின்றது. இரண்டு மணி நேரம் செல்கின்றது. மீன் இல்லை. அவர் முகத்தில் சோர்வு இல்லை. ஓதம் திரும்பும்வரை காத்திருக்கலாம் என்று அவர் ஒரு மரக்கட்டையின்மேல் அமர்கின்றார்.

கடல் திரும்புகின்றது. நீர் முனையைச் சுற்றி ஓடத் தொடங்கியதும், கயிறு திடீரென இறுகுகின்றது. மீன் நீரை விட்டு ஒருமுறை துள்ளுகின்றது; பின்பு கரையோரமாகவே ஓடுகின்றது. சில நிமிடங்களில் அது அவர் காலடிக்கு வந்துவிடுகின்றது. அவர் முதலில் தம் கையை நீரில் நனைத்துக்கொள்கின்றார். உலர்ந்த கை மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பை உரித்துவிடும் என்பதை அவர் அறிவார். மீனை நீரை விட்டு எடுக்காமலே, முள்ளை விரலால் திருப்புகின்றார். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரை அவர் முன்பே நசுக்கிவிட்டதால், அது எளிதில் கழன்று வருகின்றது. ஒரு கணம் மீன் அவர் கையில் நிற்கின்றது. தாடையின் கீழ்ச் செங்கீற்றுத் தெரிகின்றது. அடுத்த கணம் அது இல்லை.

பியூஜெட் சவுண்டின் உப்புநீரில் பிடிபடும் செங்கீற்று மீனை உயிருடன் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது இன்று சட்டம். முன்னாளில் மக்கள் அவற்றை வீட்டிற்குக் கொண்டுசென்று சமைத்து உண்டனர். சிற்றோடை ஒன்றில் முட்டையிட ஏறும் மீன்கள் மிகச் சிலவாகவே இருத்தலால், ஒருசிலர் சில நாள் பிடித்தாலே அவ்வோடையின் மரபு அற்றுப்போகக்கூடும். அதனை உணர்ந்தே இவ்விதி செய்யப்பட்டது.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. விட்டுவிடுவதற்கு எதற்காகப் பிடிக்க வேண்டும்? வாயில் முள் தைத்த மீனுக்கும் அது விளையாட்டாகுமோ? இக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. உண்பதற்காகப் பிடிப்பதில் ஒரு நேர்மை உண்டு. இன்பத்திற்காகப் பிடிப்பதில் அஃது இல்லை என்று கூறுவோர் உளர். விடப்பட்ட மீன்களிலும் சில இறந்துபடுகின்றன. முள்ளை ஆழ விழுங்கியதும், நீருக்கு வெளியே நெடுநேரம் வைக்கப்பட்டதும் பிழைப்பது அரிது. நேர்மையுள்ள தூண்டிலாளர் இதனை மறுப்பதில்லை. அவர்களுள் சிலர் நாளைக்கு இத்தனை மீன் என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டு, அதனை எட்டியதும் கோலை மடக்கிவிடுவர்.

எனினும் மற்றொரு பக்கமும் உண்டு. ஒரு கரையை இருபது இலையுதிர் காலங்கள் நடந்து பார்த்தவர், ஓடை வாயில் ஓராண்டு மீன் குறைந்தால் உடனே அறிவார். சாலையில் ஊர்தியில் விரைந்து செல்வோர்க்கு அவ்வோடை இருப்பதே தெரியாது. கனடா நாட்டின் வான்கூவர் தீவில் காம்பெல் ஆற்றங்கரையில் வாழ்ந்த ராடெரிக் ஹெய்க்-பிரவுன் என்பவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாவார். அவர் ஊர் நடுவராக நீதி வழங்கினார். தூண்டிற்கலையைப் பற்றிப் பல நூல்களும் இயற்றினார். 1950-களில், பட்டில் ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தும் அணைத்திட்டத்தை எதிர்த்து அவர் ஓயாது வாதாடினார். அவர் விரும்பியவாறு ஏரி காக்கப்படவில்லை, அணை எழுந்தது. ஆயினும் 1976-இல் மறையும்வரை அவர் ஆறுகளுக்காகப் பேசுவதை நிறுத்தவில்லை. மீனைத் தேடிச் சென்றவர் நீரின் காவலரானார்.

செங்கீற்று மீனுக்கு இன்று தூண்டிலினும் பெரிய இடர்கள் உள்ளன. ஓடைகளின் குறுக்கே சாலை போட்டவர்கள், நீர் செல்லச் சாலையின் அடியில் குழாய் பதித்தனர். பல இடங்களில் குழாயின் கீழ்வாய், ஓடையின் மட்டத்திற்கு மேலே தொங்குகின்றது. நீர் இறங்கிவிடும், மீன் ஏற இயலாது. 1854, 1855-ஆம் ஆண்டுகளில் அப்பகுதிப் பழங்குடி மக்கள் தம் நிலத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்து உடன்படிக்கை செய்தபொழுது, மீன் பிடிக்கும் உரிமையை விடாது தமக்கென வைத்துக்கொண்டனர். மீனே ஏற இயலாதபடி ஓடையை அடைத்துவிட்டு, மீன் பிடிக்கும் உரிமை உண்டு என்பதில் என்ன பொருள்? இதனைக் கேட்டு 21 பழங்குடிச் சமூகத்தார் மாநிலத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். அக்குழாய்களை மாற்றியமைக்குமாறு 2013-ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஆணையிட்டது. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நால்வர்க்கு நால்வராகப் பிரிந்தமையால், அவ்வாணையே நிலைபெற்றது. வழக்கு சால்மனை முன்னிட்டு எழுந்ததாயினும், திறந்த வழியில் செங்கீற்று மீனும் ஏறுகின்றது.

மற்றோர் இடர் கரையிலேயே உள்ளது. வீடுகளைக் காக்கக் கரையோரம் கல்லாலும் காரையாலும் மரத்தாலும் சுவர் எழுப்பியுள்ளனர். ஏறத்தாழ 2,500 மைல் நீளமுள்ள பியூஜெட் சவுண்டின் கரையில், நான்கில் ஒரு பங்கிற்கு மேல் இவ்வாறு சுவரிடப்பட்டுள்ளது. செங்கீற்று மீன் உண்ணும் சிறு மீன்களுள் சில, உயர்நீர் எட்டும் மேற்கரையின் மணலிலும் பொடிக்கல்லிலும்தான் முட்டையிடுகின்றன. மேலே சாய்ந்து நிற்கும் மரத்தின் நிழல், வெயில் நாளில் அம்முட்டைகள் உலராது காக்கின்றது. சுவர் எழுந்தால் அம்மணலும் போகின்றது. மரத்தை வெட்டினால் அந்நிழலும் போகின்றது. இப்பொழுது சில வீட்டுக்காரர்கள் தாமே முன்வந்து சுவரை அகற்றி, கரையை அதன் பழைய சரிவிற்கு விட்டுவிடுகின்றனர். அங்குச் சிறு மீன்கள் மீண்டும் முட்டையிட இடம் கிடைக்கின்றது.

நடுக்கடலில் வாழும் மீனுக்கு வரும் தீங்கைக் கரையில் உள்ளவர் அறியாதிருப்பின் அஃது ஓரளவு பொறுக்கத்தக்கது. செங்கீற்று மீனோ கரையை விட்டு விலகுவதில்லை. அது பிறப்பது வீட்டின் பின்புறத்து ஓடையில். மேய்வது வீட்டின் முன்புறத்துக் கடலில். ஒருவர் பதிக்கும் குழாயும், எழுப்பும் சுவரும், வெட்டும் மரமும் அதன் வாழ்வை நேரே தொடுகின்றன. மனிதருக்கு இத்துணை அருகில் வாழும் உயிர், மனிதர் கருதினால் வாழும்; மறந்தால் மாயும். பிடித்த மீனை நீரிலே விட்டுவிடுதல் காத்தலின் முதற்படி மட்டுமே. அது மீண்டும் ஏறிச் செல்ல ஓடையும், உண்டு வளரக் கரையும் இருக்குமாறு செய்வதே முழுமையான காவலாகும்.